வன்னியில் சிறு கணினி வைத்திருப்போருக்கு: புளூடூத்தால் வைஃபை மெதுவாவதைக் கண்டறிந்து சரிசெய்யும் வழி

ராஸ்பெரி பை போன்ற கையளவுக் கணினி ஒன்றைத் தொலைக்காட்சியின் பின்னால் பொருத்தி, வைஃபையில் இணைத்து, புளூடூத் ஒலிபெருக்கியையும் சேர்த்தவுடன் காணொளி நின்று நின்று ஓடத் தொடங்கினால், வன்னியில் நாம் முதலிற் குறை சொல்வது தொலைபேசிக் கோபுரத்தைத்தான். அந்தக் குறை பல நேரங்களில் நியாயமானது. ஆனால் புளூடூத்தை இயக்கும்போது மட்டும் வேகம் விழுந்து, நிறுத்தியதும் மீள்கிறதென்றால், கோபுரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை; தடங்கல் உங்கள் மேசையில் இருக்கும் கருவிக்கு உள்ளேயே இருக்கிறது.

இதைப் பற்றித் தேடிப் படித்தால் கிடைக்கும் ஆலோசனைகளிற் பெரும்பாலானவை நகரத்துக்கு உரியவை. அயல்வீட்டு வைஃபைகள் நெருக்குகின்றன, ஆகவே சானலை, அதாவது ரவுட்டர் பேசும் அலைத்தடத்தை, மாற்றுங்கள் என்று அவை சொல்லும். கொழும்பில் தொடர்மாடியில் இருப்பவருக்கு அது சரியான மருந்து. ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ காணிக்கு நடுவே தனியாக நிற்கும் வீட்டில் அயலவரின் வைஃபை வேலியைத் தாண்டி வருவதே அரிது என்பதால், அங்கே சானலை எத்தனை முறை மாற்றினாலும் ஒன்றும் மாறாது. கல்வி நிலையம் ஒன்றில் இத்தகைய கருவியைப் பராமரித்துப் பல வாரங்கள் இழுபட்ட பின்னரே இது எனக்கு விளங்கியது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே கீழே எழுதுகிறேன்.

முதல் நான்கு படிகளுக்குச் செலவு இல்லை. ஒரு பிற்பகல் போதும். ஐந்தாவது, ஆறாவது படிகளுக்குத்தான் பணமும் காத்திருப்பும் தேவைப்படும். ஆகவே நான்காவது படியை முடிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

1. உங்களிடம் இருப்பது எந்த மாதிரி என்று உறுதிசெய்யுங்கள்

இத்தகைய கருவிகளில் வைஃபை பொதுவாக இரண்டு அலைப் பட்டைகளில் இயங்குகிறது: 2.4 கிகாஹேட்ஸ், 5 கிகாஹேட்ஸ். புளூடூத்துக்கு உரியது 2.4 மட்டுமே. ஆகவே உங்கள் கருவிக்கு 5 கிகாஹேட்ஸ் வசதி உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தே பின்னால் வரும் எல்லா முடிவுகளும் அமையும்.

ராஸ்பெரி பை 3 மாதிரி பி (2016), ஸீரோ டபிள்யூ (2017), ஸீரோ 2 டபிள்யூ (2021) ஆகிய மூன்றிலும் 2.4 மட்டுமே உண்டு. பை 3 பி பிளஸ் (2018), பை 4 (2019), விசைப்பலகைக்குள் அடங்கிய பை 400 (2020), பை 5 (2023) ஆகியவற்றில் இரண்டு பட்டைகளும் உண்டு. மாதிரியின் பெயர் கருவியின் மின்சுற்றுப் பலகையின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். கடைகளில் "பை 3" என்று பொதுவாகச் சொல்லி விற்பார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். மூலையில் சின்னம் பொறித்த சிறிய உலோக மூடி இருந்தால் அது பி பிளஸ். மூடி இல்லாவிட்டால் பழைய பி. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். 802.11 என்ற எண்ணுக்குப் பின்னால் "ஏசி" என்று இருந்தால் 5 கிகாஹேட்ஸ் உண்டு. "பி, ஜி, என்" என்பவை மட்டும் இருந்தால் அநேகமாக இல்லை.

இந்தப் பலகைகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லில் (சிப்) இருக்கின்றன. ஒரே அன்டெனாவைப் பயன்படுத்துகின்றன. இரண்டுக்கும் 2.4 பட்டை வேண்டுமாகையால், இரணைமடுவின் கீழுள்ள வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதைப் போல, ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்க வேண்டும். புளூடூத் ஒலிக்குச் செல்லும் தரவு செக்கனுக்கு ஏறத்தாழ 300 கிலோபிட் மட்டுமே. இவ்வளவு சிறிய அளவு எப்படி இவ்வளவு பெரிய தடங்கலை உண்டாக்கும் என்று கேட்கத் தோன்றும். சிக்கல் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஒலி இடையறாது செல்ல வேண்டியது. ஒரு கணம் தாமதித்தாலும் காதுக்குத் தெரிந்துவிடும். ஆகவே சில்லு அதற்கு முன்னுரிமை கொடுத்து, வைஃபையை மீண்டும் மீண்டும் நிறுத்தி வைக்கிறது.

2. தாள்களையும் பழைய அமைப்புகளையும் முதலிற் பத்திரப்படுத்துங்கள்

எதையும் தொடுவதற்கு முன்னர், ரவுட்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கைபேசியிற் படமெடுத்து வையுங்கள். வைஃபையின் பெயர், கடவுச்சொல், நிர்வாகப் பக்கத்தின் முகவரி, அதற்குரிய தனிக் கடவுச்சொல் எல்லாம் அதிலேயே இருக்கும். பிறகு நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, வைஃபை அமைப்புகள் உள்ள ஒவ்வொரு திரையையும் அப்படியே படமெடுங்கள். கருவியின் பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் ஒரே உறையில் இருக்கட்டும். இணைய இணைப்பின் கணக்கு இலக்கத்தையும் அந்த உறையின் மேல் எழுதி வைத்தால், எட்டாவது படியில் உங்களுக்கு உதவும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ரவுட்டரின் பின்னாலுள்ள சிறு துளைக்குள் ஊசியை விட்டு அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். 4ஜி ரவுட்டர்களில் அப்படிச் செய்தால், கைபேசி வலையமைப்பில் இணைவதற்கு வேண்டிய ஏபிஎன் அமைப்பும் அழிந்துபோகக்கூடும். பிறகு சேவை நிலையத்துக்கு அழைத்தோ நேரிற் சென்றோதான் அதை மீட்க வேண்டிவரும். முல்லைத்தீவின் உட்கிராமங்களில் இருப்பவர்களுக்கு அது ஒரு நாள் வேலை.

3. எந்தப் பாதை மெதுவாகிறது என்று பிரித்து அளவிடுங்கள்

மற்றப் படிகள் எல்லாம் இதை நம்பியே இருக்கின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கணினியிலிருந்து இணையத்துக்குப் போகும் வழியில் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, கணினியிலிருந்து ரவுட்டர் வரை. மற்றது, ரவுட்டரிலிருந்து கோபுரம் வழியாகவோ ஃபைபர் வழியாகவோ வெளியே. புளூடூத் கெடுப்பது முதற் பாதையை மட்டும். வேகச் சோதனைத் தளங்களோ இரண்டையும் சேர்த்தே அளக்கின்றன. மாலை ஏழு மணிக்கு ஊரே இணையத்தில் இருக்கும்போது வேகச் சோதனை செய்து, அந்த எண்ணை வைத்துப் புளூடூத்தைக் குறை சொல்வதும் தவறு, அதன்மேற் குற்றமில்லை என்று விட்டுவிடுவதும் தவறு.

அத்துடன் வேகச் சோதனை உங்கள் தரவையும் தின்னும். செக்கனுக்கு 20 மெகாபிட் வேகத்தில் 20 செக்கன் ஓடினால் ஏறத்தாழ 50 மெகாபைட் போய்விடும். பத்து முறை செய்தால் அரை கிகாபைட். மாதத் தரவை எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டில் இது சிறிய தொகை அன்று.

ஆகவே ரவுட்டர் வரைக்கும் மட்டும் அளக்க வேண்டும். அதற்குக் கட்டளைத் திரையைத் திறந்து, "பிங்" (ping) கட்டளையால் ரவுட்டரின் முகவரியை அழையுங்கள். அது பொதுவாக 192.168.1.1 அல்லது 192.168.8.1 ஆக இருக்கும். லேபிளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். செக்கனுக்கு ஒன்றாக நூறு அழைப்புகள் போகட்டும். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், வெளித்தரவு ஒரு துளியும் செலவாகாது. முடிவில் வரும் சராசரி, அதிகபட்சம், தொலைந்த அழைப்புகள் ஆகிய மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

இதை ஐந்து நிலைகளிற் செய்ய வேண்டும். முதலில் புளூடூத்தை முற்றாக நிறுத்தி. பிறகு அதை இயக்கி, ஆனால் எதையும் இணைக்காமல். பிறகு ஒலிபெருக்கியை இணைத்துப் பாட்டு ஓடும்போது. பிறகு புதிய கருவியைத் தேடும் சாளரம் திறந்திருக்கும்போது. கடைசியாக மறுபடியும் புளூடூத்தை நிறுத்தி. இந்தக் கடைசி அளவீட்டைப் பலர் விட்டுவிடுவார்கள். முதலாவதும் ஐந்தாவதும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால்தான், இடையிற் கண்ட மாற்றத்துக்குப் புளூடூத்தே காரணம் என்று நிச்சயமாகச் சொல்லலாம். நல்ல நிலையில் அதே அறைக்குள் இந்த எண் சில மில்லிசெக்கன்களாகவே இருக்கும். பாட்டு ஓடும்போது அது பத்துக்கணக்கில் ஏறி, இடைக்கிடை நூறையும் தாண்டினால் நோய் பிடிபட்டுவிட்டது.

அளவீட்டைக் கெடுக்கும் மூன்று விடயங்கள் உண்டு. முதலாவது, சோதனைக்காக ஒலிக்கவிடும் பாட்டை இணையத்திலிருந்து எடுக்கக் கூடாது. அது வைஃபையையும் சேர்த்தே நிரப்பும். கருவியின் மெமரி அட்டையிற் சேமித்த கோப்பையே ஓடவிடுங்கள். இரண்டாவது, வைஃபையின் மின்சேமிப்பு முறை. ராஸ்பெரி பையில் அது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். சும்மா இருக்கும் வைஃபை உறங்கி எழும் நேரமும் பிங் எண்ணிற் சேர்ந்துவிடும். "ஐடபிள்யூ" (iw) கட்டளை மூலம் அதை நிறுத்திவிட்டு அளவுங்கள். மூன்றாவது, அதே இடத்தில் ஒரு கைபேசியை வைத்து அதிலிருந்தும் ரவுட்டரைப் பிங் செய்து பாருங்கள். கைபேசியும் தடுமாறினால் இடமோ ரவுட்டரோதான் பிரச்சினை, உங்கள் பலகை அன்று.

மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தால் "ஐபெர்ஃப்3" (iperf3) என்ற இலவச மென்பொருளை இரண்டிலும் நிறுவி, வீட்டுக்குள்ளேயே உண்மையான வேகத்தை அளக்கலாம். அதற்கும் வெளித்தரவு தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பல்கலைக்கழகப் பீடங்களிற் பொறியியலோ தொழினுட்பமோ படிக்கும் பிள்ளை ஊரில் இருந்தால், ஒரு வார இறுதியில் இதைச் செய்து தருவார்.

4. செலவில்லாத் திருத்தங்கள்

(அ) புளூடூத் உங்களுக்குத் தேவையே இல்லை என்றால் அதை நிரந்தரமாக நிறுத்திவிடுங்கள். மேல்மூலையிலுள்ள சின்னத்தை அழுத்தி நிறுத்தலாம், அல்லது "ஆர்எஃப்கில்" (rfkill) கட்டளையைப் பயன்படுத்தலாம். கருவி தொடங்கும்போதே அது எழும்பாதிருக்க வேண்டுமானால், தொடக்க அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் கோப்பின் (config.txt) இறுதியில் "டிடிஓவர்லே" என்ற சொல், சமன்குறி, "டிஸேபிள்-பிடி" என்ற சொல் ஆகியவற்றை இடைவெளியின்றி ஒரே வரியாக ஆங்கில எழுத்தில் (dtoverlay=disable-bt) தட்டச்சு செய்து, கருவியை நிறுத்தித் தொடங்குங்கள். 2023 ஒக்டோபரின் பின்னர் வந்த இயங்குதளத்தில் அந்தக் கோப்பு பூட் கோப்புறைக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற உட்கோப்புறைக்கு மாற்றப்பட்டுவிட்டது. பழைய குறிப்புகளைப் பின்பற்றுகிறவர்கள் பழைய இடத்தில் எழுதிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று திகைப்பதை நான் கண்டிருக்கிறேன். திருத்துவதற்கு முன்னர் கோப்பின் நகலொன்றை எடுத்து வையுங்கள்.

(ஆ) புளூடூத் தேவைதான் என்றால், அது வீணாகப் பேசுவதை நிறுத்துங்கள். கருவிகளைத் தேடும் சாளரம் திறந்திருக்கும் வரை புளூடூத் ஓயாது தேடிக்கொண்டே இருக்கும். ஒரு முழுத் தேடல் 10 செக்கனுக்கு மேல் நீடிக்கும். அந்த வேளையில் வைஃபைக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. என் அனுபவத்தில், பாட்டு ஓடுவதைவிட இந்தச் சாளரம் திறந்து கிடப்பதுதான் மோசமான கேடு. அடுத்தது, முன்னர் இணைத்துவிட்டு இப்போது வீட்டில் இல்லாத கருவிகள். தம்பி வவுனியாவுக்குக் கொண்டுபோன ஒலிபெருக்கியை உங்கள் பலகை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும்; பதில் வராத ஒவ்வொரு கூப்பாடும் சுமார் 5 செக்கன் வரை அன்டெனாவைப் பிடித்து வைத்திருக்கும். பட்டியலைத் திறந்து, பயன்படாத எல்லாவற்றையும் நீக்குங்கள். விசைப்பலகை, மவுஸ் போன்றவை சிறிதளவே பேசுபவை. அவற்றால் வரும் இழப்பைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

(இ) இரண்டு பட்டைகளும் உள்ள பலகையும் ரவுட்டரும் உங்களிடம் இருந்தால், வைஃபையை 5 கிகாஹேட்ஸுக்கு மாற்றுங்கள். இலவசமாகக் கிடைக்கும் மருந்துகளில் இதற்கு நிகரானது வேறில்லை. இரண்டும் வெவ்வேறு பட்டைகளுக்குப் போய்விடுவதால் முறை வைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் அற்றுப்போகிறது. ஆனால் பல ரவுட்டர்கள் இரண்டு பட்டைகளுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கும்; கருவி தனக்கு இலேசாகக் கிடைக்கும் 2.4 இலேயே ஒட்டிக்கொள்ளும். நிர்வாகப் பக்கத்தில் 5 கிகாஹேட்ஸுக்கு வேறு பெயர் கொடுத்து, பலகையில் அந்தப் பெயரை மட்டும் சேமியுங்கள். பெயர் பட்டியலிற் தெரியவில்லை என்றால், பலகையின் வைஃபை நாடு "இலங்கை" என்று தெரிவுசெய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாடு தெரிவுசெய்யப்படாதவரை 5 கிகாஹேட்ஸ் இயங்காது. யாரோ எழுதியதைப் பார்த்து "அமெரிக்கா" என்று போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை: ரவுட்டர் 12 அல்லது 13ஆம் சானலில் இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது.

5 கிகாஹேட்ஸ் அலைகள் சுவரைத் தாண்டுவதில் வலுக் குறைந்தவை. சீமெந்துக் கற்சுவர் இரண்டைத் தாண்டி அடுக்களைக்குப் பக்கத்து அறையில் கருவி இருந்தால் இதை நம்ப வேண்டாம். ஒரே அறை, அல்லது இடையில் ஒரு சுவர் என்றால் செய்யுங்கள்.

(ஈ) கருவியையும் ரவுட்டரையும் வைக்கும் இடம். வைஃபை வலுக்குறைந்து வரும்போது, அதே தரவை மெதுவான வேகத்தில் நீண்ட நேரம் அனுப்ப வேண்டியிருக்கும். அவ்வளவுக்கு அது புளூடூத்தின் முறையுடன் மோதும். ஆகவே ரவுட்டரை நெருக்கி வைப்பதே புளூடூத்தின் கேட்டையும் குறைக்கிறது. கருவியைத் தொலைக்காட்சியின் உலோக முதுகுக்கும் சுவருக்கும் இடையில் ஒளித்து வைக்காதீர்கள். உலோகக் கூடு பார்வைக்கு அழகுதான். அன்டெனாவை அது மூடிவிடும், பிளாஸ்டிக் கூடு போதும். சிக்னலுக்காக 4ஜி ரவுட்டரை முகட்டில் தகரத்தோடு ஒட்டிக் கட்டுவது நம் ஊர்களில் வழக்கம். தகரம் அலையைத் தெறிக்கவிடும் என்பதால், கோபுரத்துப் பக்கமுள்ள யன்னலோரத்தில் கட்டுவது நல்லது. அதே வேளை பலகையை ரவுட்டரின் மேலேயே வைத்துவிடவும் வேண்டாம். வீட்டு 4ஜி சேவைகளிற் சில 2300 மெகாஹேட்ஸ் பட்டையில், அதாவது வைஃபைக்கு நேர் கீழே, ஒலிபரப்புகின்றன. ஒரு மீற்றர் இடைவெளி இருக்கட்டும்.

(உ) ரவுட்டரின் சானல் அகலம். 2.4 பட்டையில் இதை 40 மெகாஹேட்ஸ் என்று வைத்திருந்தால் 20 ஆக்குங்கள். புளூடூத் 2402 முதல் 2480 மெகாஹேட்ஸ் வரையுள்ள 79 தடங்களில் செக்கனுக்கு 1600 தடவை தாவுகிறது. வைஃபை இருக்கும் தடங்களைக் கண்டுகொண்டு விலகும் திறனும் அதற்கு உண்டு. வைஃபை 40 எடுத்துக்கொண்டால் விலகிப்போக மொத்தப் பட்டையில் ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். ஆனால் இந்தத் திருத்தம் பலன் தருவது, புளூடூத் வேறொரு கருவியிலோ, யுஎஸ்பி துளையிற் செருகும் தனி டொங்கிளிலோ இருக்கும்போதுதான். ஒரே சில்லில் இரண்டும் இருந்தால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

(ஊ) பை 4, பை 5 ஆகியவற்றில் நீல நிற யுஎஸ்பி 3 துளையிற் செருகிய வன்தட்டும் 2.4 பட்டையில் இரைச்சலை எழுப்பும். புளூடூத்தை நிறுத்தியும் எண்கள் மோசமாக இருந்தால் வன்தட்டைக் கழற்றிவிட்டு மூன்றாவது படியைத் திரும்பச் செய்யுங்கள். வன்தட்டே காரணம் என்றால் அதைக் கறுப்புத் துளைக்கு மாற்றலாம், வேகம் குறையும். அல்லது கம்பியின் நீளம் விடும் அளவுக்குத் தள்ளி வைக்கலாம்.

5. சிறு செலவில் செய்யக்கூடியவை

விலை குறைந்ததிலிருந்து தொடங்குகிறேன். பை 3, பை 4 இரண்டிலும் 3.5 மில்லிமீற்றர் ஒலித்துளை உண்டு. சில நூறு ரூபாக் கம்பியால் ஒலிபெருக்கியை அதில் இணைத்துவிட்டால் புளூடூத்தின் கதையே முடிந்துவிடும். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, கம்பியில்லாமல் இருப்பதற்காகத்தானே வாங்கினோம் என்பார்கள். ஆனால் கருவியும் ஒலிபெருக்கியும் ஒரே மேசையில் இருக்கையில் கம்பிக்கு என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை. ஸீரோ மாதிரிகளிலும் பை 5 இலும் அந்தத் துளை இல்லை. அவற்றில் எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சியிலேயே ஒலியை எடுக்கலாம்.

அடுத்தது, ஈதர்நெட் கம்பி. ரவுட்டர் அதே அறையில் இருந்தால் வைஃபையே வேண்டாம். பை 3 பி செக்கனுக்கு 100 மெகாபிட் வரை கம்பியில் எடுக்கும். நம் இணைப்புகள் பலவற்றுக்கு அது போதும், பை 4 அதைவிடப் பல மடங்கு எடுக்கும். ஸீரோவில் ஈதர்நெட் துளை இல்லாததால் தனி மாற்றி வாங்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்கோ முன்மண்டபத்திலிருந்து பின்கட்டுக்கோ வெளியால் ஈதர்நெட் கம்பியை இழுக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நமக்கு இடி மின்னல் அதிகம்; வெளியில் ஓடும் கம்பி வழியாக வரும் மின்னதிர்வு ரவுட்டரையும் பலகையையும் ஒருங்கே எரித்துவிடும்.

மூன்றாவது, புளூடூத் டொங்கிள். உள்ளிருக்கும் புளூடூத்தை 4(அ)வின்படி நிறுத்திவிட்டு, தனி டொங்கிளை அரை மீற்றரோ ஒரு மீற்றரோ நீளமான யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியிற் செருகித் தள்ளி வையுங்கள். நீட்டிப்புக் கம்பி இல்லாமல் நேரே பலகையிற் செருகினால் இரண்டு அன்டெனாக்களும் ஒட்டி நின்று மறுபடியும் ஒன்றையொன்று நசுக்கும். நீட்டிப்புக் கம்பிதான் இந்தத் திருத்தத்தின் பாதிப் பலன்.

நான்காவது, 5 கிகாஹேட்ஸ் வைஃபை டொங்கிள். சில ஆயிரம் ரூபா போகும். 2.4 மட்டுமுள்ள பலகை வைத்திருப்பவர்களுக்கு இது கடைசி வழி. ரவுட்டரிலும் 5 கிகாஹேட்ஸ் இல்லையென்றால் இந்தப் பணத்தைச் செலவிடாதீர்கள்.

6. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கம்பிகளும் சாதாரண டொங்கிள்களும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள கைபேசி, கணினிக் கடைகளில் கிடைக்கும். பலகைகளையும் குறிப்பிட்ட வகை டொங்கிள்களையும் பெரும்பாலும் கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பிக்க வேண்டியிருக்கும். சில நாட்கள் பொறுக்க வேண்டும். நீண்ட விடுமுறைக் காலத்தில் இன்னும் இழுபடும். மல்லாவி, விசுவமடு போன்ற இடங்களுக்குப் பொதி வீட்டு வாசலுக்கு வருமா, நகரிலுள்ள கிளைக்குப் போய் எடுக்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பேருந்துக் கட்டணமும் செலவுக் கணக்கில் சேர்ந்ததே.

டொங்கிள் வாங்கும்போது மூன்று பொறிகள் உள்ளன. நகமளவில் இருக்கும் 150 மெகாபிட் டொங்கிள்கள் 2.4 மட்டுமே, அவற்றால் உங்களுக்குப் பயனில்லை. வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த இரட்டை டொங்கிள் மலிவாகத் தோன்றும். அதை வாங்கினால் எந்தத் தொல்லையிலிருந்து தப்ப வந்தீர்களோ அதையே காசு கொடுத்து வாங்குகிறீர்கள். மூன்றாவது, ஒரே மாதிரிப் பெயரில் இருக்கும் டொங்கிளின் முதற் பதிப்பிலும் இரண்டாம் பதிப்பிலும் வெவ்வேறு சில்லுகள் இருப்பதுண்டு; ஒன்று லினக்ஸில் செருகியவுடன் இயங்கும், மற்றது இயங்காது. கடைக்காரர் "விண்டோஸில் வேலை செய்யும்" என்று சொல்வது உங்களுக்கு உறுதிமொழி ஆகாது. "லினக்ஸில் இயங்காவிட்டால் ஏழு நாட்களுக்குள் மாற்றித் தரப்படும்" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரக் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலம் பலகை எடுப்பிப்பது நம் பகுதியிற் சாதாரணம். ஸீரோ 2 டபிள்யூ அறிமுகமானபோது அதன் விலை 15 அமெரிக்க டொலர் என்பதால், அங்கே வாங்குவது மிக மலிவு என்று தோன்றும். தபாலில் அனுப்பினால் சுங்கத்தில் வரியோ விளக்கமோ கேட்கப்படலாம். வானொலி அலையைப் பயன்படுத்தும் கருவி என்பதால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் கேட்கப்படலாம். விலை குறிப்பிட்ட சிட்டையின் நகலைப் பொதிக்குள் ஒன்றும் உங்கள் கைபேசியில் ஒன்றுமாக வைத்திருங்கள்.

7. மின்சாரத்தை மறந்துவிடாதீர்கள்

திரையின் மூலையில் சிறிய மின்னற் குறி தோன்றினால், பலகைக்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்கவில்லை என்று பொருள், 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் அது எச்சரிக்கும், முழுக் கருவியும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு வைஃபையைக் குறைசொல்வோர் பலர். பழைய கைபேசிச் சார்ஜரைப் பயன்படுத்துவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். பை 3 க்கு 2.5 அம்பியர், பை 4 க்கு 3 அம்பியர், பை 5 க்கு 5 அம்பியர் என்பவையே பரிந்துரைக்கப்பட்ட அளவுகள். டொங்கிளும் வன்தட்டும் சேரும்போது தேவை கூடும் என்பதால், ஐந்தாவது படியில் எதையாவது புதிதாகச் செருகியவர்கள் இந்தக் குறியை மறுபடியும் பார்க்க வேண்டும்.

8. இன்னும் மெதுவாகவே இருந்தால்

திருத்தங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றின் பின்னரும் மூன்றாவது படியின் அளவீட்டைக் கொப்பியில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. இயங்குதளத்தைப் பெரிதாகப் புதுப்பித்த பின்னரும் ஒரு முறை அளவுங்கள். நிறுத்தி வைத்த மின்சேமிப்பு முறை திரும்பி வந்திருக்கக்கூடும்.

ரவுட்டர் வரைக்குமான எண்கள் நன்றாக இருந்தும் காணொளி நிற்கிறதென்றால், இப்போதுதான் கோபுரத்தின் முறை. கம்பியால் ரவுட்டரில் இணைத்த மடிக்கணினியில், அது இல்லாவிட்டால் ரவுட்டருக்கு அருகில் வைத்த கைபேசியில், அதிகாலையில் ஒரு தடவையும் இரவு எட்டு மணியளவில் ஒரு தடவையுமாகச் சில நாட்கள் வேகச் சோதனை செய்து, திகதி, நேரத்துடன் திரையைப் படமெடுத்து வையுங்கள். தொகுப்பில் இரவுநேரத் தரவு இருந்தால் அதிகாலைச் சோதனை அதிலேயே போய்விடும். பிறகு சேவை நிறுவனத்தை அழைக்கும்போது கணக்கு இலக்கத்தைச் சொல்லி, ரவுட்டர் வரை தாமதமில்லை, ரவுட்டருக்கு அப்பால்தான் இருக்கிறது என்று எண்களுடன் கூறுங்கள். "ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள்" என்ற முதற்பதிலைத் தாண்டி உங்கள் முறைப்பாடு தொழினுட்பப் பிரிவுக்குப் போக அந்த எண்கள் உதவும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு, திகதியுடன் அதே உறையின் மேல் எழுதிக்கொண்ட பின்னரே அழைப்பைத் துண்டியுங்கள்.